கலிஃபோர்னியா கைத்துப்பாக்கிச் சட்டம்: ஃபார்வர்டில் வருவதில் எது உண்மை, எது வதந்தி?

கலிஃபோர்னியாவில் நாலு தமிழர்கள் சேர்ந்து வாட்ஸாப் குரூப் வைத்திருந்தால் அதில் என்றாவது ஒருநாள் இந்த மாதிரி ஒன்று வந்து விழும்:

“அவசரம்! ஜூலை 1 முதல் கலிஃபோர்னியாவில் க்ளாக் துப்பாக்கிக்குத் தடை. கவர்னர் கையெழுத்துப் போட்டாச்சு. வீட்டில் வைத்திருந்தால் போலீஸில் ஒப்படைக்கணும். கோர்ட்டில் கேஸ் போட்டிருக்காங்க, அதனால சட்டம் செல்லாது. எல்லாருக்கும் அனுப்பவும்.”

இதைப் பிரித்துப் பார்ப்போம். கவர்னர் கையெழுத்துப் போட்டது உண்மை. ஜூலை 1 என்ற தேதியும் உண்மை, ஆனால் எந்த ஆண்டு என்று இல்லை. க்ளாக் என்பது பிரபலமான கைத்துப்பாக்கி நிறுவனம்; ‘க்ளாக் துப்பாக்கிக்குத் தடை’ என்பது அரை உண்மை. போலீஸில் ஒப்படைக்க வேண்டும் என்பது பொய். கேஸ் போட்டது உண்மை, அதனாலேயே சட்டம் செல்லாது என்பது பொய். ஒப்படைக்கவும் வேண்டும், சட்டமும் செல்லாது என்றால் எதை நம்புவது என்று அனுப்பியவரும் யோசிக்கவில்லை, அடுத்தவருக்குத் தள்ளியவரும் யோசிக்கவில்லை.

துப்பாக்கிச் சட்டம் பற்றிய வதந்தி பெரும்பாலும் முழுப் பொய்யாக இருப்பதில்லை. நிஜமாக நடந்த ஒன்றுதான் அது. எண், எந்தப் படியில் நிற்கிறது, தேதி, யாருக்குப் பொருந்தும் என்ற நான்கும் உதிர்ந்துபோய் மீதி மட்டும் ஊர் சுற்றுகிறது. அந்த நான்கையும் திரும்பத் தேடி ஒட்டினால் செய்தி தானாகத் தெளியும். எப்படித் தேடுவது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். துப்பாக்கி வேண்டும், வேண்டாம் என்ற விவாதத்துக்குள் போகவில்லை. வாங்குகிறவருக்கும் இது தேவை, பக்கத்து வீட்டில் இருப்பதை நினைத்துக் கவலைப்படுகிறவருக்கும் தேவை.

முதலில், இன்றைக்கு உள்ள விதி

இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் நாடு முழுமைக்கும் ஒன்றுதான். இங்கே நாடு முழுமைக்குமான ஃபெடரல் சட்டம் அடித்தளம், அதற்குமேல் கூடுதலாக மாநிலச் சட்டம், சில விஷயங்களில் கவுண்டியும் நகரமும். டெக்ஸஸில் இருக்கும் மச்சான் சொல்வது டெக்ஸஸுக்குச் சரியாக இருக்கலாம், சாக்ரமெண்டோவில் அது செல்லாது.

கலிஃபோர்னியாவில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். பாதுகாப்புச் சான்றிதழுக்கான எழுத்துத் தேர்வில் 30 கேள்விக்கு 23 சரியாக எழுத வேண்டும். உரிமம் பெற்ற டீலர் வழியாகத்தான் வாங்க வேண்டும், பின்னணிச் சோதனை உண்டு, 10 நாள் காத்திருக்க வேண்டும். கடையில் புதிதாக வாங்கும் மாடல், மாநில நீதித் துறையின் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில், அதாவது ரோஸ்டரில், இருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் கூடுதலாக 11% வரி.

இதைத் தெரிந்து வைத்துக்கொண்டாலே பாதி வதந்தி அடிபட்டுப் போகும். “இனிமே பத்து நாள் வெயிட் பண்ணணுமாம்” என்று ஒருவர் பதறினால், அது புது விதி அல்ல, பல வருடமாக இருப்பது என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

படி 1: எண் கேளுங்கள்

“சட்டம் வருதாம்” என்று யாராவது சொன்னால் முதல் கேள்வி: மசோதா எண் என்ன? அசெம்பிளியில் பிறந்தது ஏபி, செனட்டில் பிறந்தது எஸ்பி. மேலே சொன்ன ‘க்ளாக் தடை’யின் எண் ஏபி 1127. கொண்டுவந்தவர் அசெம்பிளி உறுப்பினர் ஜெஸ்ஸி கேப்ரியல்.

எண்ணோடு ஆண்டையும் கேளுங்கள். கலிஃபோர்னியா சட்டமன்றக் கூட்டத்தொடர் இரண்டு வருடம் நடக்கும், அடுத்த தொடரில் எண்கள் மறுபடி 1லிருந்து தொடங்கும். பொது இடத்தில் துப்பாக்கி எடுத்துச் செல்வது பற்றிய பிரபலமான எஸ்பி 2, 2023ஆம் ஆண்டுடையது. வேறு தொடரில் எஸ்பி 2 என்று தேடினால் சம்பந்தமே இல்லாத மசோதா வந்து நிற்கும். அதைப் பார்த்துவிட்டு ‘இப்படி ஒண்ணே கிடையாது’ என்று எதிர் வதந்தி கிளப்புகிறவர்களும் உண்டு.

எண்ணும் ஆண்டும் கிடைக்கவில்லையா? ஒருவேளை அது மசோதாவே இல்லை, ஒரு எம்எல்ஏ பேட்டியில் சொன்ன ஆசை, அல்லது நியூயார்க் செய்தி, அல்லது ஐந்து வருடப் பழைய செய்தி. எண் வரும்வரை அதை ஓரமாக வையுங்கள்.

படி 2: எந்தப் படியில் நிற்கிறது?

புதிதாக வந்தவர்கள் அதிகமாகச் சறுக்குவது இங்கேதான். கலிஃபோர்னியா சட்டமன்றத்துக்கு லெஜின்ஃபோ என்று அரசு இணையதளம் உண்டு, இலவசம். எண்ணையும் கூட்டத்தொடரையும் கொடுத்தால் மசோதாவின் பக்கம் திறக்கும். மேலே வரிசையாகத் தலைப்புகள் இருக்கும்: டெக்ஸ்ட், வோட்ஸ், ஹிஸ்டரி, பில் அனாலிசிஸ், ஸ்டேட்டஸ். முதலில் ஹிஸ்டரியைத் தட்டுங்கள். ஆக சமீபத்திய வரி மேலே இருக்கும். அந்த ஒரு வரியே மசோதா எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடும்.

ஒரு மசோதா போகும் வழி இது. அறிமுகம். துப்பாக்கி விஷயம் என்றால் பொதுப் பாதுகாப்புக் குழு. பிறகு செலவுக் கணக்குப் பார்க்கும் அப்ரோப்ரியேஷன்ஸ் குழு. பிறகு அவையில் வாக்கெடுப்பு. பிறகு இன்னொரு அவையில் இதே சுற்று முழுவதும் மறுபடி. அங்கே திருத்தினால், பிறந்த அவை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் கவர்னர். அவர் கையெழுத்துப் போட்டால், அல்லது கெடு முடியும்வரை கையெழுத்தும் போடாமல் வீட்டோவும் செய்யாமல் விட்டால், சட்டம். ஹிஸ்டரியில் ‘சேப்டர்டு’ என்று எண்ணோடு ஒரு வரி வந்தால்தான் அது சட்டமானது என்று பொருள்.

‘அசெம்பிளி நிறைவேற்றியது’ என்று செய்தித் தலைப்பு வந்தால் பாதி தூரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அப்ரோப்ரியேஷன்ஸ் குழுவில் ‘சஸ்பென்ஸ் ஃபைல்’ என்று ஒன்று இருக்கிறது. செலவு பிடிக்கும் மசோதாக்களை அதில் போட்டு வைத்து, மே மாதமும் ஆகஸ்ட் மாதமும் ஒரே அமர்வில் நூற்றுக்கணக்கானவற்றை மளமளவென்று வாசித்து, இது பிழைத்தது, இது போனது என்று முடித்துவிடுவார்கள். பெரும்பாலும் காரணம்கூடச் சொல்வதில்லை. ஜனவரியில் குரூப்பையே கலங்கடித்த மசோதா ஆகஸ்டில் சத்தமில்லாமல் செத்துப்போகும். அதை யாரும் ஃபார்வர்டு செய்ய மாட்டார்கள்.

கடைசி நிமிஷத்தில் கவிழ்வதும் உண்டு. 2022 ஜூன் 23 அன்று நியூயார்க் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, துப்பாக்கி எடுத்துச் செல்ல ‘தகுந்த காரணம்’ காட்டச் சொல்லும் விதியை அடித்தது. கலிஃபோர்னியா உடனே எஸ்பி 918 என்ற மாற்று மசோதாவைக் கொண்டுவந்தது. கவர்னர், அட்டர்னி ஜெனரல் எல்லாரும் ஆதரவு. வந்துவிட்டது மாதிரியேதான் எல்லாரும் பேசினார்கள். உடனடியாக அமலாக்க வேண்டும் என்று அவசரப் பிரிவு சேர்த்திருந்ததால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவைப்பட்டது. கூட்டத்தொடரின் கடைசி இரவில் அது கிடைக்கவில்லை, மசோதா விழுந்தது. அடுத்த ஆண்டு அதே செனட்டர் ஆந்தனி போர்டன்டீனோ எஸ்பி 2 என்று திரும்பக் கொண்டுவந்து, அது சட்டமானது. ஆக 2022 செப்டம்பரில் ‘புதுச் சட்டம் வந்துடுச்சு’ என்றவரும் தப்பு, ‘இனிமே வராது’ என்றவரும் தப்பு.

இன்னொன்று. மசோதா ஒன்றின் வயிற்றைக் கிழித்து உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு வேறு விஷயத்தைத் திணிக்கும் பழக்கம் இங்கே உண்டு. விவசாயத் தண்ணீர் பற்றி இருந்த மசோதா எண்ணில் திடீரென்று வேறேதோ வந்து உட்காரலாம். 2016இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த விதிப்படி, இறுதி வடிவம் வாக்கெடுப்புக்கு 72 மணி நேரம் முன்னால் இணையத்தில் இருந்தாக வேண்டும். அதனால் மார்ச்சில் படித்ததை வைத்துக்கொண்டு செப்டம்பரில் சண்டை போடாதீர்கள். டெக்ஸ்ட் பக்கத்தில் தேதி பார்த்து ஆகக் கடைசி வடிவத்தை எடுங்கள்.

படி 3: மசோதாவைப் படியுங்கள், குறிப்பாக யாரைப் பார்த்துப் பேசுகிறது என்று

பயப்பட வேண்டாம், முழுக்கப் படிக்க வேண்டியதில்லை. டெக்ஸ்டின் மேலேயே லெஜிஸ்லேட்டிவ் கவுன்சிலின் டைஜெஸ்ட் என்று ஒரு சுருக்கம் இருக்கும். கட்சி சார்பில்லாத சட்ட வல்லுநர்கள் எழுதுவது. ‘இப்போதுள்ள சட்டம் இப்படி, இந்த மசோதா இப்படி மாற்றும்’ என்ற நடையில் போகும். திருத்தப்பட்ட மசோதாவில் சேர்த்ததை நீலச் சாய்வெழுத்திலும் நீக்கியதைச் சிவப்பில் கோடடித்தும் காட்டியிருப்பார்கள். கோடடித்த சிவப்பு வரியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ‘பாருங்க இதான் சட்டம்’ என்று அனுப்புவதும் நடக்கிறது. நீக்கியதைக் காட்டிப் பயமுறுத்துவது இது.

படிக்கும்போது இரண்டு விஷயம் பார்த்தால் போதும். விதி யாரை நோக்கி இருக்கிறது? எந்தச் செயலை நோக்கி இருக்கிறது?

ஏபி 1127ஐயே எடுங்கள். உரிமம் பெற்ற துப்பாக்கி டீலர், 2026 ஜூலை 1 முதல், இன்ன வகைப் பிஸ்டலை விற்கக் கூடாது, கைமாற்றக் கூடாது என்கிறது அது, சில விலக்குகளோடு. ஆக விதி பார்ப்பது கடைக்காரரை. செயல், விற்பது. ஏற்கெனவே சட்டப்படி வாங்கி வீட்டில் வைத்திருப்பவர் ஒப்படைக்க வேண்டும் என்று அதில் இல்லை. ‘வைத்திருத்தல்’ குற்றம் என்றால் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்லும், வாசகரின் ஊகத்துக்கு விடாது.

‘க்ளாக்’ என்ற பெயரும் அந்தச் சட்டத்தில் இல்லை. இருப்பது ஒரு வரையறை: சாதாரண வீட்டுக் கருவிகளைக் கொண்டே சிறு சாதனம் ஒன்றைப் பொருத்தி இயந்திரத் துப்பாக்கி போல மாற்றிவிடக்கூடிய, சிலுவை வடிவ டிரிகர் பார் (விசையோடு இணைந்த உள் பாகம்) உள்ள பிஸ்டல். ‘ஸ்விட்ச்’ என்று செய்திகளில் அடிபடும் அந்தச் சாதனம் முன்பே சட்டவிரோதம், வைத்திருந்தாலே ஃபெடரல் குற்றம். அதைப் பொருத்த வசதியாக இருக்கும் வடிவமைப்பைப் புதுச் சட்டம் குறிவைக்கிறது. அந்த வடிவமைப்பில் பெரும்பங்கு க்ளாக் என்பதால் ஊரார் வைத்த பெயர் ‘க்ளாக் தடை’. அதே வரையறைக்குள் மற்ற நிறுவனங்களின் சில பிஸ்டல்களும் வரக்கூடும். ரிவால்வர் வராது, ஹாமர், அதாவது சுத்தி போல அடிக்கும் பாகம், உள்ள பிஸ்டல் வராது. ‘எல்லாக் கைத்துப்பாக்கியும் போச்சு’ என்பதும் ‘என்னுடையது க்ளாக் இல்லை, எனக்கென்ன’ என்பதும் இரண்டுமே வரையறையைப் படிக்காத பேச்சு.

இந்தக் குழப்பத்துக்கு நடுவே இன்னொரு சம்பவம் எண்ணெய் ஊற்றியது. 2025 அக்டோபர் 10 அன்று கவர்னர் கையெழுத்திட்டார். அதே மாதம் க்ளாக் நிறுவனம் பல பழைய மாடல்களை நிறுத்திவிட்டு ‘வி’ என்று புது வரிசை கொண்டுவருவதாக அறிவித்தது. இரண்டும் சேர்ந்து, கண் காது மூக்கு வைத்து, ‘க்ளாக் கம்பெனியையே மூடிட்டாங்க’ என்று ஒரு கதை ஆகிவிட்டது.

படி 4: தேதி

கையெழுத்துப் போட்ட நாள் வேறு, அமலாகும் நாள் வேறு. சாதாரணமாக ஒரு வருடம் கையெழுத்தான சட்டம் அடுத்த ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வரும். அவசரச் சட்டம் என்றால் உடனே. ஆனால் சட்டத்துக்குள்ளேயே வேறு தேதி எழுதியிருந்தால் அதுதான் கணக்கு. 11% வரிக்கான ஏபி 28 கையெழுத்தானது 2023 செப்டம்பரில், வரி வந்தது 2024 ஜூலையில். சுடும்போது தோட்டா உறையில் அடையாளம் பதிக்கும் மைக்ரோஸ்டாம்பிங் பற்றிய எஸ்பி 452உம் 2023இல்தான் கையெழுத்தானது. அதில் டீலர் விற்பனைக்கான தேதி 2028 ஜனவரி 1. அதுவும் மாநில நீதித் துறை செய்து முடிக்க வேண்டிய சில ஆய்வுகளையும் முடிவுகளையும் பொறுத்தது. ஆகவே மைக்ரோஸ்டாம்பிங் பற்றி யார் என்ன சொன்னாலும், தேதியையும் நிபந்தனையையும் சேர்த்துச் சொல்கிறாரா என்று பாருங்கள்.

படி 5: ரோஸ்டர் பேச்சு

‘அந்த மாடலை ரோஸ்டர்ல இருந்து எடுத்துட்டாங்க, இனி வச்சிருந்தா கேஸ்’ என்பதைக் கடை வாசலிலேயே கேட்கலாம். ரோஸ்டர், டீலர் புதிதாக விற்பதைக் கட்டுப்படுத்தும் பட்டியல். அதிலிருந்து ஒரு மாடல் விழுந்தால் ஏற்கெனவே வாங்கியவர் குற்றவாளி ஆவதில்லை. தயாரிப்பாளர் ஆண்டுக் கட்டணம் கட்டாமல் விட்டாலே மாடல் உதிர்ந்துவிடும், அதில் சதி எதுவும் இல்லை. மாநில நீதித் துறையின் இணையதளத்தில் பட்டியலை யாரும் பார்க்கலாம், புதிதாகச் சேர்ந்தவையும் நீக்கப்பட்டவையும் தனித்தனியாக இருக்கும். தனிநபரிடமிருந்து தனிநபர் டீலர் மூலம் வாங்கும்போது ரோஸ்டர் விதிக்கு விலக்கும் உண்டு. ‘ரோஸ்டரில் இல்லாத துப்பாக்கி இந்த மாநிலத்திலேயே இருக்கக் கூடாது’ என்ற பேச்சு எங்கே உடைகிறது என்று இதிலிருந்தே தெரியும்.

இந்தப் பட்டியல் ஏன் இத்தனை வதந்திக்கு இடம் கொடுக்கிறது என்றால், அதன் கதை அப்படி. 2001இல் தொடங்கியது. 2013இல் மைக்ரோஸ்டாம்பிங் நிபந்தனை உயிர்பெற்றதும், அதை எந்த நிறுவனமும் செய்யாததால் சுமார் பத்து வருடம் புது செமி ஆட்டோமேடிக் மாடல் எதுவும் உள்ளே வரவில்லை. 2023 மார்ச்சில் ஃபெடரல் நீதிபதி கார்மக் கார்னி மூன்று நிபந்தனைகளுக்கு இடைக்காலத் தடை விதித்தார். மாநில அரசு இரண்டுக்கு மட்டும் மேல்முறையீடு போனது, மைக்ரோஸ்டாம்பிங்கை விட்டுவிட்டது. அதன் பிறகு புது மாடல்கள் மெல்ல வரத் தொடங்கின. ‘கோர்ட் ரோஸ்டரையே தூக்கிடுச்சு’ என்று அன்று பரவியதற்கு வேர் இது. கோர்ட் தொட்டது மூன்று நிபந்தனைகளை, பட்டியலை அல்ல.

படி 6: கோர்ட் செய்தி வந்தால் நிதானம்

வழக்குப் போட்டார்கள் என்பதால் சட்டம் நிற்காது. நீதிபதி தடை விதித்தால் நிற்கும். மேல் நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்திவைத்தால் சட்டம் மறுபடி எழுந்துவிடும். இது எத்தனை வேகத்தில் நடக்கும் என்பதற்கு எஸ்பி 2ஐவிட நல்ல உதாரணம் இல்லை.

பூங்கா, மருத்துவமனை, வழிபாட்டுத் தலம் என்று நீண்ட பட்டியல் போட்டு அங்கெல்லாம், உரிமம் இருந்தாலும், துப்பாக்கி எடுத்துப் போகக் கூடாது என்றது அந்தச் சட்டம். 2024 ஜனவரி 1 அமல். 2023 டிசம்பர் 20 அன்று அதே நீதிபதி கார்னி அதன் முக்கியப் பகுதிகளுக்குத் தடை விதித்தார். டிசம்பர் 30 அன்று, கலிஃபோர்னியா வழக்குகளையும் பார்க்கும் ஃபெடரல் நீதிமன்றமான ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையைத் தற்காலிகமாக நிறுத்தியது, ஜனவரி 1 அன்று சட்டம் அமலானது. ஜனவரி 6 அன்று அதே நீதிமன்றத்தின் வேறொரு அமர்வு அந்த நிறுத்தத்தை நீக்கியது, சட்டத்தின் அந்தப் பகுதிகள் மறுபடி முடங்கின. மூன்று வாரத்துக்குள் மூன்று திருப்பம். செப்டம்பர் 6 அன்று விரிவான தீர்ப்பு வந்தபோது பூங்கா, மது பரிமாறும் உணவகம் போன்ற இடங்களில் துப்பாக்கிக்குச் சட்டம் போட்ட தடை செல்லும், மருத்துவமனை, வழிபாட்டுத் தலம், வங்கி போன்ற இடங்களில் செல்லாது என்று இடத்துக்கு இடம் பிரித்தது. அதோடு சேர்த்து விசாரித்த ஹவாய் வழக்கை 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டது.

டிசம்பர் 21ஆம் தேதி ஃபார்வர்டை ஜனவரி 2ஆம் தேதி நம்பி இடுப்பில் செருகிக்கொண்டு பூங்காவுக்குப் போனவர் நிலையை யோசித்துப் பாருங்கள். செய்தி பொய்யில்லை. பழசு, அவ்வளவுதான். கோர்ட் செய்தியில் மணி நேரம்கூட முக்கியம். 2019இல் பெரிய மேகசின் (துப்பாக்கியில் தோட்டா அடைக்கும் பெட்டி) தடையை ஒரு நீதிபதி ரத்து செய்தபோது, மாநிலத்தில் ஒரு வாரம் விற்பனை அள்ளிக்கொண்டு போனது. ஏப்ரல் 5 மாலை 5 மணிக்கு அது மூடியது. ‘இப்பவும் வாங்கலாம்’ என்ற பழைய செய்தி அப்புறமும் எவ்வளவோ நாள் ஓடியது. 2025 மார்ச்சில் ஒன்பதாம் வட்டத்தின் முழு அமர்வு அந்தத் தடை செல்லும் என்றே சொல்லிவிட்டது.

தீர்ப்பு யாருக்குப் பொருந்தும் என்பதையும் பாருங்கள். 2025 ஜூன் 27 அன்று வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், கீழ் நீதிமன்றத்தின் தடை பொதுவாக வழக்குத் தொடுத்தவர்களுக்கு நிவாரணம் தரும் அளவோடு நிற்க வேண்டும் என்றது. ‘கோர்ட் தடுத்துவிட்டது’ என்பது உங்களுக்குத் தடுத்ததாக ஆகாமலும் போகலாம்.

படி 7: சட்டத்துக்கு அடியில் இருக்கும் விதிமுறை

சட்டமன்றம் சொன்னதைச் செயல்படுத்த நீதித் துறை தனியாக விதிமுறைகள் எழுதும். இதற்கு அறிவிப்பு வர வேண்டும், பொதுமக்கள் கருத்துச் சொல்லக் குறைந்தது 45 நாள் தர வேண்டும், பிறகு நிர்வாகச் சட்ட அலுவலகம் சரிபார்க்க வேண்டும். அவசர விதிமுறைக்கு இந்தக் காலம் மிகவும் சுருங்கும். வெள்ளிக்கிழமைதோறும் மாநிலத்தின் விதிமுறை அறிவிப்பு ஏடு இணையத்தில் வரும். வரைவைப் பார்த்து ‘விதி வந்தாச்சு’ என்று அலறுவது இந்தப் பகுதியில் வழக்கம். டீலர்களுக்கு நீதித் துறை அனுப்பும் தகவல் அறிக்கைகளும் அதன் தளத்திலேயே கிடைக்கும், படிக்கவும் எளிது. எனக்கு நேரமில்லாத நாளில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

படி 8: சொல்வது யார், அவருக்கு என்ன லாபம்

கடைக்காரர் கெட்டவர் அல்ல, நடைமுறையில் நிறையத் தெரிந்தவர். ஆனாலும் ‘அடுத்த மாசம் கிடைக்காது’ என்பது அவருக்கு வியாபாரம். துப்பாக்கி உரிமை அமைப்புகளும் துப்பாக்கிக் கட்டுப்பாட்டு அமைப்புகளும் அனுப்பும் மின்னஞ்சல்களின் அடியில் நன்கொடைப் பொத்தான் இருக்கும். ஒரு பக்கம் ‘எல்லாம் பறிபோகிறது’, மறுபக்கம் ‘வரலாறு காணாத வெற்றி’. இரண்டு தரப்பும் கோர்ட்டில் தாக்கல் செய்யும் மனுக்கள் வேறு மாதிரி இருக்கும். அங்கே வாய்க்கு வந்ததை எழுத முடியாது. அவர்கள் மின்னஞ்சலைவிட மனுவை நம்புங்கள். யூடியூபில் சட்டம் சொல்கிறவர் மசோதா எண்ணைத் திரையில் காட்டினால் கேளுங்கள், காட்டாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

விசாவில் இருப்பவர்கள் இதைத் தனியாகப் படியுங்கள்

நம் குரூப்களில் சுற்றுவதில் ஆபத்தானது மாநில வதந்தி அல்ல, இதுதான்: “ஹெச்1பி இருந்தாலே வாங்கலாம், வரி கட்டுறோம்ல.” இல்லை. ஃபெடரல் சட்டப்படி, குடியேற்றம் அல்லாத விசாவில் வந்திருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. ஹெச்1பி, ஹெச்4, எல்1, எஃப்1 எல்லாம் இதில் அடக்கம். சில விலக்குகள் உண்டு. அவற்றில் அதிகம் பேசப்படுவது, அமெரிக்காவில் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். ‘ஆன்லைனில் வேட்டை லைசென்ஸ் எடுத்தால் முடிஞ்சுது’ என்று பாதியைச் சொல்லி அனுப்புவார்கள். மாநிலத்தின் மற்ற நிபந்தனைகள் அத்தனையும் அதற்குமேல் நிற்கின்றன.

ஷூட்டிங் ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் ‘வைத்திருத்தல்’ கணக்கில் வரும். வீக்எண்டில் நண்பர்களோடு போய், செல்ஃபி எடுத்து இன்ஸ்டாவில் போடுவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள். வாங்கும்போது நிரப்பும் ஃபெடரல் படிவத்தில் விசா பற்றி நேரடியாகக் கேள்வி உண்டு, தப்பாக எழுதுவதே தனிக் குற்றம். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் கிரீன் கார்டு உள்ளவரையும் நாடுகடத்த முடியும். கிரீன் கார்டு கிடைத்தவர் வாங்கலாம், மாநில நிபந்தனைகள் எல்லாருக்கும் போல அவருக்கும் உண்டு. ‘பச்சை அட்டை வந்தாலும் அஞ்சு வருஷம் ஆகணும்’ என்பது குடியுரிமைக் கணக்கை இதில் போட்டுக் குழப்பியது.

கணவர் கிரீன் கார்டு, மனைவி ஹெச்4 என்று ஒரே வீட்டில் இரண்டு நிலை இருந்தால், அல்லது விண்ணப்பம் பாதியில் இருந்தால், குரூப்பில் கேட்காதீர்கள். குடியேற்றச் சட்டமும் துப்பாக்கிச் சட்டமும் இரண்டும் தெரிந்த வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்துக் கேளுங்கள். இந்தக் கட்டுரையும் அதற்கு மாற்று இல்லை.

எப்போது எதை எதிர்பார்க்கலாம்

வதந்திக்கும் பருவம் உண்டு. பிப்ரவரியில் மசோதா அறிமுகத்துக்குக் கெடு, அதனால் ‘வருது வருது’ என்ற செய்திகள் அப்போது குவியும். அவற்றில் கணிசமானவை மேயைத் தாண்டாது. ஆகஸ்ட் சஸ்பென்ஸ் அமர்வு முடிந்து மிஞ்சியிருப்பவற்றைத்தான் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். ஒற்றைப்படை ஆண்டில் அந்த வருடத்துக்கான கூட்டம் செப்டம்பர் நடுவில் முடியும், கவர்னருக்குக் கெடு அக்டோபர் நடு. இரட்டைப்படை ஆண்டில் ஆகஸ்ட் 31உம் செப்டம்பர் 30உம். கெடு நெருங்கும் நாட்களில் கவர்னர் அலுவலகம் கையெழுத்துப் போட்டவை, வீட்டோ செய்தவை என்று பட்டியல்களை அடுத்தடுத்து வெளியிடும். டிசம்பரிலும், ஜூலை 1க்கு முந்தைய வாரங்களிலும் கோர்ட் செய்திகள் முட்டி மோதும்.

லெஜின்ஃபோவில் கணக்குத் தொடங்கி மசோதாவைப் பின்தொடரும் வசதி இருக்கிறது. அதில் எண்ணைச் சேர்த்து வைத்துவிட்டால் ஒவ்வொரு அசைவுக்கும் மின்னஞ்சல் வந்துவிடும். அடுத்த தடவை குரூப்பில் ‘அவசரம்!’ என்று வரும்போது, எண்ணையும் ஹிஸ்டரியின் கடைசி வரியையும் அப்படியே ஒட்டி அனுப்பினால் போதும்.